இடப்பக்கத்துச் சீட்டு

போன வாரம் செங்கம் ரோட்டில் ஒரு காப்பிக் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். காப்பிக் கடை என்று நான் சொல்கிறேன். அவர்கள் போர்டில் வேறு என்னவோ எழுதியிருக்கிறார்கள், விலையும் அந்தப் பெயருக்குத் தகுந்த மாதிரிதான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்காக ஆரம்பித்த கடை. இப்போது சனி ஞாயிறானால் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள்தான் நிறைய. அப்படி வந்த ஒரு கார், தரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு செருப்புகூட நுழையாது என்கிற உயரத்தில், கடைக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையைப் பார்த்ததும் நின்றது. இடப்பக்கக் கதவு திறந்தது. ஒரு பெண் இறங்கினாள். போனைப் பார்த்துக்கொண்டே வேகத்தடையைத் தாண்டி நடந்துபோய் அந்தப் பக்கம் நின்றாள். கார் கோணலாகத் திரும்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி, அப்படியும் வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் கடந்தது. ஓட்டிவந்த பையன் இறங்கி, நடுரோட்டில் மண்டிபோட்டு, வண்டிக்கு அடியில் தலையை விட்டுத் தடவிப் பார்த்தான். அவளை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை, ஏறிக்கொண்டாள், போய்விட்டார்கள்.

இதில் உனக்கென்ன கோபம் என்று நீங்கள் கேட்கலாம். கோபம் இல்லை, நல்ல காப்பி ஆறிப்போன எரிச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கார் போன பிறகு ரோட்டில் ஒரு வாசனை நின்றது. சூடான இரும்பில் ஆயில் பட்டால் வருமே, அது. அந்த வாசனைக்குள்தான் என் வாலிபத்தில் ஐந்தாறு வருஷம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் போளூர் ரோட்டில் ஒரு ஆட்டோமொபைல் ஸ்பேர்ஸ் கடையில் வேலை பார்த்தேன். வேலை என்ன, கவுண்டருக்குப் பின்னால் நிற்பது. அட்டைப்பெட்டி, கிரீஸ், புது ரப்பர் மூன்றும் கலந்த நாற்றம் சட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகூடப் போகாது. 'இது அதுக்கு ஒத்து வருமா?' என்று யார் கேட்டாலும் 'வரும்' என்று சொல்வதுதான் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம். வராது என்று தெரிந்தும் எத்தனையோ டிராக்டர்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது ஷாக் அப்சர்பர் பெயர் நாலைந்து தெரிந்துவிட்டால் நான் இன்ஜினியர் என்று நினைப்பு. அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருவேன். பாக்கெட்டில் நாலு கலர் மையில் எழுதுகிற பேனா ஒன்று இருக்கும். எழுதுவதற்கு ஒன்றும் இருக்காது.

அந்தக் கடைக்கு ரொம்ப அதிகமாக வந்துபோன வாடிக்கையாளர் என் அக்கா புருஷன். எங்கள் பக்கத்தில் அவரை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிட்டேன். மனசுக்குள் கூப்பிட்டது வேறு. அவர் அப்பா கோயிலுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் பெருக ஆரம்பித்த காலம். அறை கேட்டு வருகிறவர்களை வராண்டாவில் படுக்கச் சொன்னாலும் சந்தோஷமாகப் படுத்தார்கள். ஆக, மாமா ஒரு துரும்பையும் அசைக்காமல் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. துரும்புகளையெல்லாம் அசைத்தது அக்கா. போர்வை துவைக்க ஆள் பிடிப்பது, காலையில் வெந்நீர் அடுப்பு மூட்டுவது, மோட்டார் ரிப்பேர் ஆனால் மெக்கானிக்கைத் தேடி ஓடுவது எல்லாம் அவள்தான். மாமா ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கார் பத்திரிகை படிப்பார். படிப்பார் என்றா சொன்னேன், படம் பார்ப்பார்.

அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவள் கனமானவள். உயரமும் உண்டு, அகலமும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் களத்தில் மல்லாட்டை மூட்டையை, வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், ஒரு கையில் சரித்து முதுகில் ஏற்றிக்கொண்டு வண்டிவரைக்கும் நடப்பாள். அப்பா அதைப் பக்கத்து நிலத்துக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். எங்கள் வீட்டில் கனம் என்பது வசவு இல்லை. அவள் நடந்து வந்தால் அடுக்களையில் டம்ளர் லேசாக ஆடும். எங்களுக்கு அது அவள் வருகிறாள் என்ற செய்தி, அவ்வளவுதான். எண்பத்தொன்பதில் கல்யாணம் ஆகிப் போகிற வரைக்கும் உடம்பைப் பற்றி அவள் ஒரு தடவையாவது யோசித்திருப்பாளா என்பதே எனக்குச் சந்தேகம்.

கல்யாணமான இரண்டு மூன்று வருஷத்தில் அந்தக் கார் வந்தது. வந்தது என்று சொல்லக் கூடாது, லாரியில் இறங்கியது. எப்போதோ ஒரு வெள்ளைக்கார துரை வைத்திருந்ததாம், பிறகு சென்னையில் ஒரு சினிமாக்காரர் கொட்டகையில் கிடந்ததாம். கூரை இல்லாமல், இரண்டே இரண்டு சீட்டு வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காருகிற வண்டியை ஏழெட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்து லாட்ஜ் சந்தில் நிறுத்தினார்கள். அடிச்சட்டத்தில் விரலை வைத்துக் கிள்ளினால் துரு பிஸ்கட் போல உதிர்ந்தது. மாமா அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்ற நிற்பை நான் இன்னும் மறக்கவில்லை. மலையைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கிய மாதிரி நின்றார். 

அக்கா முந்தானையால் சீட்டைத் துடைத்துப் பார்த்தாள். இடப்பக்கத்துச் சீட்டு. ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்கார்ந்தால் அவர் பக்கத்தில் அது ஒன்றுதான். கூரையில்லாத வண்டியில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து மலையை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். அவள் ஆசைப்பட்டது இவ்வளவுதான். நகை கேட்கவில்லை, ஊட்டி கேட்கவில்லை. "ஓட ஆரம்பிச்சதும் ஒரு தடவ மலைய சுத்திக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னதாக என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவரும் சரி என்றாராம்.

வண்டியைச் சரிபண்ண மாமா பிடித்த ஆள் பாஷா பாய். வேட்டவலம் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் வேலை செய்தவர். எதைச் சொன்னாலும் "பண்ணிடலாம் சார்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே வீடு கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். மாமா பத்திரிகையை விரித்து, வண்டி தரையோடு தரையாக ஓட வேண்டும் என்பார். பண்ணிடலாம் சார். முன்பக்க ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்து எறிந்தார். பின்பக்கம் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங்கில் இரண்டு பட்டையைக் கழற்றினார். அன்றைக்கு மாமா வெள்ளிக்கிழமை என்று நெற்றியில் மூன்று பட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். வண்டியில் குறைத்ததை முகத்தில் கூட்டிக்கொண்டார் என்று நான் கடைக்குள் போய்ச் சிரித்தேன். துருப்பிடித்த சட்டத்துக்குத் தகடு வைத்து வெல்டிங் அடித்தார்கள். திருப்பத்தில் சாயக் கூடாது என்று ஏதோ வேனில் கழற்றிய கனமான கம்பி ஒன்றைக் குறுக்கே மாட்டினார்கள். மூட்டுகளில் இருந்த ரப்பர் புஷ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு லேத்தில் நைலானில் கடைந்து போட்டார்கள். ரப்பர் இருக்கிற வரைக்கும் ரோட்டின் குழியை அது வாங்கிக்கொள்ளும். நைலான் வாங்காது, ஓட்டுகிறவன் முதுகுக்கு அப்படியே அனுப்பிவிடும். அதற்கு மாமா வைத்த பெயர் 'ரோடு ஃபீலிங்'. எங்கள் ஊர் ரோட்டுக்கு ஃபீலிங் வேண்டுமென்று எவனும் இதுவரைக்கும் கேட்டதில்லை. டவுன் பஸ்ஸில் ஏறினாலே தாராளமாகக் கிடைக்கும்.

இதில் பெரிய கூத்து ஒன்று உண்டு. இந்த ஊரைத் தவிர வேறு எங்கேயும் நடக்காது என்பதால் சொல்கிறேன். மாமா வண்டியை ஓட்டிப் பார்த்தது கிரிவலப் பாதையில். வேறு எங்கே ஓட்டுவார்? பௌர்ணமி இல்லாத நாளில் அந்த ரோடு காலியாகக் கிடக்கும், புளியமர நிழல் இருக்கும், வளைவு வளைவாகப் போகும். ஆனால் மலையை யாரும் அப்பிரதட்சணமாகச் சுற்ற மாட்டார்கள். மாடு மேய்க்கிறவன்கூட யோசிப்பான். மாமாவுக்கு பக்தி கிடையாது, பயம் உண்டு. ஆகவே எப்போதும் மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றினார். அப்படிச் சுற்றினால் என்ன ஆகும்? எல்லா வளைவும் வலப்பக்கம் திரும்புகிற வளைவுதான். வண்டி வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடப்பக்கம் சாயும். நாலு சுற்று சுற்றியதும் மாமா ஒரு பெரிய கண்டுபிடிப்போடு வந்தார்: வண்டியின் இடப்பக்கம் பலவீனமாம். பாஷா பாய் பண்ணிடலாம் சார் என்றார். கழற்றிய பட்டைகளில் ஒன்றை எடுத்து இடப்பக்கத்துக்கு மட்டும் போட்டார். முன்பக்கத்திலும் இடதுக்கு மட்டும் அறுக்காத ஸ்பிரிங். மலையைச் சுற்றும்போது வண்டி ஜம்மென்று நேராக ஓடியது. தேரடி வீதியில் கொண்டுவந்து நிறுத்தினால் ஒருபக்கம் தோளைச் சரித்துக்கொண்டு நின்றது, பெட்டிக்கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துப் பஞ்சர் என்றார்கள்.

வலமாக மட்டும் திரும்பத் தெரிந்த ஒரு காரைத் தமிழ்நாட்டிலேயே வைத்திருந்தவர் என் மாமா ஒருத்தர்தான்.

சரி, சிரித்தாயிற்று. இனிமேல் சிரிக்க வராது. வண்டி ஓட ஆரம்பித்ததும் அக்கா காத்திருந்தாள். மாமா தினமும் போனார், பக்கத்தில் வேறு ஆள் உட்கார்ந்துகொண்டு போனான். சேகர் என்று ஒருத்தன், மாமாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், அதற்குப் பிறகு படிப்பு உட்பட எதுவும் செய்யாதவன். உடம்பில் பிடித்து இழுக்கக்கூடச் சதை இருக்காது. இடப்பக்கத்தில் அவன் உட்கார்ந்தால் வண்டிக்குத் தொந்தரவே இல்லையாம். நான் அவனுக்கு எடைக்கல் என்று பெயர் வைத்தேன். அந்தச் சீட்டில் உட்கார அவனுக்கு இருந்த தகுதி, அவன் இருப்பதும் இல்லாததும் ஒன்று என்பதுதான். அக்கா ஒருநாள் வாய்விட்டுக் கேட்டுவிட்டாள், தன்னை எப்போது ஏற்றிக்கொண்டு போவீர்கள் என்று. அன்றைக்கு நான் லாட்ஜில் இருந்தேன், சேகரும் இருந்தான், ரூம் சாவிக்காக ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. மாமா பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்.

"நீ ஏறுனா அடி தட்டும்."

சேகர் சிரித்தான். சாவிக்கு நின்ற அம்மாள் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். அக்காவும் சிரித்தாள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தோசையோடு எழுந்துவிட்டாள். ஒரு மூட்டையை முதுகில் சுமந்தவள், தன் உடம்பையே ஒரு மூட்டை மாதிரி இறக்கி வைக்க இடம் தேடினாள். எதற்காக? துருப்பிடித்த ஒரு தகர டப்பாவின் வயிறு ரோட்டில் படக் கூடாது என்பதற்காக. மாமாவை நான் வெறுக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் வெறும் கேலிதான்.

வேலையெல்லாம் முடிந்தது என்று மாமா நினைத்தபோது பூஜை போட முடிவு பண்ணினார். கோபுரத்துக்கு எதிரில், தேரடி வீதியில், பிள்ளையார் முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். சாமந்தி மாலை, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், திருஷ்டிக்குப் பூசணிக்காய். அடி அண்ணாமலையிலிருந்து அம்மா வந்திருந்தாள். முதல் ஓட்டத்துக்கு வழக்கம்போல எடைக்கல் போய்க் கதவைத் திறந்தான். அம்மா குறுக்கே நின்றுகொண்டாள். எங்கள் அம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. மாப்பிள்ளையிடம் முகம் கொடுத்துப் பேசியதே கிடையாது. அன்றைக்கும் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் வீதிக்கே கேட்டது.

"சாமியே இடப்பக்கத்த அம்மனுக்குக் குடுத்த ஊருடா இது. பொண்டாட்டிய நிக்க வெச்சிட்டு எவனோ உக்காந்து போறதா? உங்க மாமாவ கேளு."

நான் கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. பூக்கடைக்காரி, அர்ச்சகர், சும்மா நின்றவர்கள் எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். நாலு பேர் பார்த்தால் எதையும் செய்கிறவர் மாமா, நாலு பேர் பார்க்காவிட்டால் எதையும் செய்யாதவர். ஏறு என்றார். அக்கா அரக்கு நிறத்தில் கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். அவ்வளவு பள்ளத்தில் இருக்கிற சீட்டில் புடவையோடு உட்காருவது லேசான காரியம் இல்லை. உட்கார்ந்து, முந்தானையை மடியில் சேர்த்துக்கொண்டு, நிமிர்ந்து முன்னால் பார்த்தாள். அப்போது ஒன்று நடந்தது. அதைப் பார்த்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன், ஸ்பேர்ஸ் கடைக் கண் என்பதால்.

வண்டி நேராக நின்றது. இடப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்ற வண்டி, அவள் உட்கார்ந்ததும் மெதுவாகத் தணிந்து, இரண்டு தோளும் சமமாக, கண்ணாடியில் கோபுரம் சாயாமல் தெரிகிற மாதிரி நின்றது. இத்தனை மாசம் அறுத்து, கழற்றி, வெல்டிங் அடித்து அந்த வண்டிக்கு அவர்கள் தேடியது இதைத்தான். அவள் உட்கார்ந்தால் போதும், அவ்வளவுதான். சொல்லலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் மேளக்காரன் அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

இப்போது ஒரு கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் ரோடு லேசாகச் சரியும். ஹேண்ட்பிரேக் கம்பி தரையில் உரசுகிறது என்று பாஷா பாய் ஏற்கெனவே கழற்றியிருந்தார். அதனால் வண்டி உருளாமல் இருக்க முன்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டை கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் லாரி, டெம்போ, அம்பாசடர் எது நின்றாலும் இதுதான் வழக்கம். புறப்படும்போது கல்லை எடுத்து ஓரமாகப் போட யாரும் குனிய மாட்டார்கள். காலால் வண்டிக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். வண்டி அதற்கு மேலேயே போய்விடும், கல் நடுரோட்டில் கிடக்கும், அடுத்த வண்டிக்கும் அது உதவும். பிறந்ததிலிருந்து எல்லோரும் செய்வது. சேகரும் அப்படித்தான் செய்தான். பூசணிக்காய் உடைந்தது, அவன் கல்லைக் காலால் உள்ளே தள்ளினான், மாமா கிளட்சை விட்டார். ஊரில் எந்த வண்டியும் தாண்டிப்போகிற கல். அந்த ஒரு வண்டி மட்டும் தாண்டாது என்று, அதைத் தாண்டாதபடி செய்தவர்களில் ஒருத்தனுக்காவது தோன்றியதா? தோன்றவில்லை.

கல் புரண்டு நிமிர்ந்து அடியில் சிக்கிக்கொண்டது. பெரிய சத்தம். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. பின்சக்கரம் எலுமிச்சைத் தோலில் வழுக்கிச் சுற்றியது. என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கிற சட்டி உடைந்து, பூசணிக்காயின் குங்குமச் சிவப்புக்கு மேலே கருப்பாக ஆயில் ஓடியது. மேளம் நின்றது. மாமா கல்லைப் பார்க்கவில்லை, சேகரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திரும்பினார்.

"சொன்னேன்ல? இறங்கு. நீ இறங்குனா தூக்கிடும்."

அம்மா ஓடிவந்து கையைக் கொடுத்தாள். அக்கா அந்தக் கையைப் பிடிக்காமல், கதவைப் பிடித்து ஊன்றி, தானாக எழுந்து இறங்கினாள். கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். இரண்டடி தள்ளி நின்று வண்டியைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தோம். வண்டி தூக்கவில்லை. கல்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது, அவள் இறங்கிய பக்கம் மட்டும் பழையபடி ஏறிக்கொண்டு கோணலாக. அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

"இறங்கிட்டேங்க. தூக்கிடுச்சா?"

பூக்கடைக்காரி மட்டும் சிரித்தாள், அவள் வாழ்க. பாஷா பாய் குனிந்து பார்த்துவிட்டு, இந்த உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக அருவருப்பு வந்தது. அக்கா தட்டிலிருந்த கற்பூரத்தை அணைத்துவிட்டு, வண்டியில் வருவதாக இருந்த மாட வீதிச் சுற்றை, நாலு வீதியும் நடந்தே முடித்தாள். நானும் அம்மாவும் பின்னால் நடந்தோம்.

மாமா கதையை மாற்றிச் சொல்ல ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரிசப்ஷனில் வருகிறவர்களிடமெல்லாம், அவள் ஏறிய அன்றைக்கே வண்டி போய்விட்டது என்றார். கல்லே இல்லை. சேகரின் கால் இல்லை. கடைக்கு வந்து என்னிடமும் அப்படியே சொன்னார், உடைந்த சட்டிக்கு மாற்று கேட்டுக்கொண்டு. இதுக்கு அம்பாசடர் சட்டி ஒத்து வருமா மச்சான் என்றார். வரும் என்றேன். வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கடையில் நான் சொன்ன பொய்களில் மனசார, ருசித்துச் சொன்னது அந்த ஒன்றுதான். அதை இழுத்து, வளைத்து, வெல்டிங் அடித்துப் பார்த்தார்கள். பிறகு சந்திலேயே வண்டி கிடந்தது. லாட்ஜ் போர்வைகளை அதன்மேல் காயப்போட்டார்கள். கொஞ்ச வருஷம் கழித்து பெங்களூரிலிருந்து ஒருத்தன் வந்து, தடவிப் பார்த்துக் கண்கலங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். இப்படிப்பட்ட ஆட்களுக்குப் பஞ்சமே இருப்பதில்லை.

அதற்குப் பிறகு மாமா ஓட்டிய எந்த வண்டியிலும் அக்கா ஏறவில்லை. சண்டை போடவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. சமைத்தாள், லாட்ஜை நடத்தினாள், இரண்டு பெண்களைப் பெற்று வளர்த்தாள். வண்டியில் மட்டும் ஏறமாட்டாள். மாமா ஸ்கூட்டரை நிறுத்தி ஏறு என்றால், பக்கத்துலதான, நடந்துட்டு வர்றேன் என்பாள். தொண்ணூறுகளின் கடைசியில் பெரிய கார் வாங்கினார், டீசல், நாலு கதவு, பள்ளம் மேடு தெரியாத வண்டி. வேங்கிக்காலில் நான் வீடு கட்டிக் குடிபோனதற்கு மாமா பெண்களை ஏற்றிக்கொண்டு அதில் வந்தார். அக்கா டவுன் பஸ்ஸில் வந்து, கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கி, கையில் பால் பாத்திரத்தோடு வெயிலில் நடந்து வந்தாள். ஊரில் இதைப் பிடிவாதம் என்றார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. மலையை மாசாமாசம் நடந்து சுற்றினாள். கூரையில்லாத வண்டிகள் பக்கத்தில் போனால் ஒரு கணம் நின்று பார்ப்பாள் என்று அவள் பெரிய பெண் சொல்வாள். அந்த ஒரு கணம் அவளிடம் இருந்தவரைக்கும் மாமா ஜெயிக்கவில்லை என்று நான் நம்பினேன்.

பிறகு அவளுக்குச் சர்க்கரை வந்தது. வந்தது தெரியாமலேயே நாலைந்து வருஷம் ஓடியிருக்கிறது. உடம்பு கரைய ஆரம்பித்தது. முதலில் எல்லோரும் நல்லா இருக்க என்று பாராட்டினார்கள். மாமாகூடப் பாராட்டினார். அதே புடவை இடுப்பில் ஒரு சுற்று கூடுதலாக வந்தது. அவள் நடந்து வந்தால் டம்ளர் ஆடுவது நின்றுவிட்டது. காலில் ஒரு புண் ஆறவில்லை, வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்கள். அன்று காலை நான் லாட்ஜுக்குப் போனபோது மாமா காரைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. இடப்பக்கத்து முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இருபது வருஷம் கழித்து அவருக்கு அது தோன்றியிருக்கிறது. இரக்கம் வரவேண்டிய இடம் என்று எனக்குத் தெரியும். வரவில்லை.

நான் ஆட்டோ கூப்பிடட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்டோ, அங்கிருந்து வேலூர் பஸ், ஜன்னலோரச் சீட்டாகப் பிடித்துவிடலாம் என்றேன். அவள் கார் வேண்டாம் என்று ஒரே பேச்சாக மறுப்பாள், மாமா முகம் சுருங்கும், நான் அதைப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

மாமா, "முன்னாடி உக்காரு" என்றார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். திறந்திருந்த கதவைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை, ஆசையும் இல்லை. பக்கத்தில் இருந்த பின்கதவைத் தானே திறந்தாள்.

"எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதாங்க."

ஏறிக்கொண்டாள். அவ்வளவு சுலபமாக. நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஏறமாட்டேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும் அந்தச் சீட்டு அவளுக்கு வேண்டியிருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு ஏறிவிட்டாள். ஊரில் என்னென்னவோ காணாமல் போனதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், புளியமரம், டூரிங் கொட்டகை என்று. எனக்குத் தெரிந்து காணாமல் போனது அவளுடைய அந்த ஆசை ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு போனவர் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். என்ன போயிற்று என்றுகூட அவருக்குத் தெரியாது.

மாமா என்னைப் பார்த்தார். முன்னால் வா என்று கையைக் காட்டினார். நான் சுற்றிக்கொண்டு போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். வேலூர் போய்ச் சேருகிற வரைக்கும் முன்சீட்டில் யாரும் இல்லை.